ருசி பார்க்கும் கரண்டி

என் வீட்டுக்காரர் என் சமையலைத் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்ட நாள் என்று ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது. வேலை முடிந்து வருவார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குப் போவார். மூடியைத் திறப்பார், ஒரு கரண்டி எடுப்பார், வாயில் விட்டுக் கண்ணை மூடுவார். "உப்பு போதலை" என்பார். அவ்வளவுதான் அவருடைய சாப்பாடு. பசிக்கவில்லை என்று ஒரு டம்ளர் டீயை வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவார்.

கல்யாணமான புதிதில் அழுதேன். அப்புறம் சண்டை போட்டேன். அதுவும் அலுத்த பிறகு, உப்பைக் குறைத்தே போட்டுவிட்டு மனுஷன் வந்து சொல்லட்டும் என்று இருக்கப் பழகிவிட்டேன். சரியாகப் போட்டாலும் குறை சொல்லப்போகிற ஆளுக்கு எதற்காக மெனக்கெட வேண்டும்? அவர் சொன்ன பிறகு ஒரு சிட்டிகை போடுவேன். பிள்ளையும் நானும் சாப்பிடுவோம். எங்கள் வீட்டில் உப்பு அப்படித்தான் சரியானது, முப்பது வருஷத்துக்கும் மேலாக.

ஊருக்கெல்லாம் அவர் மாஸ்டர். டயர் தொழிற்சாலை கேன்டீனில் காய் நறுக்க என்று போய்ச் சேர்ந்தவர், பாத்திரம் கழுவி, அடுப்பில் நின்று, கடைசியில் சமையலறைக்கே தலைவராகிவிட்டார். மூன்று ஷிப்டுக்கும் சாப்பாடு அவர் பொறுப்பு. ஆள் உயரத்துக்கு நிற்கும் பாத்திரங்கள், துடுப்பு மாதிரிக் கரண்டிகள். அவற்றின் நடுவே இவர் சட்டைப் பையில் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டியைச் செருகிக்கொண்டு திரிவார். ஒவ்வொரு பாத்திரமும் இறங்குவதற்கு முன்னால் அந்தக் கரண்டி உள்ளே போய் இவர் வாய்க்கு வந்தாக வேண்டும். இவர் தலையாட்டினால்தான் பரிமாறலாம்.

அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார். சமைக்கிறவன் கேன்டீன் சோற்றைத் தொடக் கூடாது. சாப்பாடு தொழிலாளிக்கு, சமையல்காரனுக்கு இல்லை. ஒரு உதவியாள் சாமான் அறைக்குப் பின்னால் நின்று அவித்த முட்டை தின்றதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே அவனை வேலையைவிட்டு அனுப்பினார். அவன் பெண்டாட்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். இவர் அசைந்து கொடுக்கவில்லை. "நான் அந்த கேன்டீன்ல ஒரு பருக்கை தின்னதில்லை, இவனுக்கு என்ன?" என்றார். பொய் இல்லை. அப்படித்தான் மனதார நம்பினார். அவருக்கு ருசி பார்ப்பது வேலை, சாப்பிடுவது திருட்டு. இரண்டும் ஒரே தொண்டை வழியாகத்தான் இறங்குகின்றன என்பது அந்த மண்டைக்கு எட்டவே இல்லை. அப்போது எனக்கும் எட்டவில்லை என்பது வேறு விஷயம்.

சர்க்கரை வியாதி வந்தது அவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே. கம்பெனி டாக்டர், ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாராம். "ஒரு வேளை, அதுவும் பாதி" என்றாராம் இவர். ரொம்பக் கட்டுப்பாடான ஆள் என்று தட்டிக்கொடுத்து மாத்திரை எழுதி அனுப்பினார் அவர். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் பீற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

இந்த வருஷம் புதுச் செருப்பு கடித்து வலது கால் கட்டைவிரல் புண்ணானது. காட்டுங்கள் என்றால் காட்ட மாட்டார். விரல் கறுத்து, வீட்டுக்குள் நாற்றம் வந்த பிறகுதான் மகனும் நானும் சேர்ந்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். விரலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் என்னையும் மகனையும் நிற்க வைத்து ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"விரல் போனதோட நிக்கணும்னா புண்ணு ஆறணும். புண்ணு ஆறணும்னா சுகர் இறங்கணும். இறங்கலைன்னா அடுத்தது பாதம்தான். கணுக்காலுக்கு மேல வெட்டணும்."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பாதம் ஒன்றுதான் நினைப்பு. அவர் மேல் பிரியத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு காலும் இருக்கும்போதே இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துவது பெரும்பாடு. ஒரு காலோடு, நாள் முழுக்க, அதே வீட்டில் என்று என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

ஆண்கள் வார்டு. ஆறு கட்டில். இவருடையது கதவிலிருந்து இரண்டாவது. மற்ற ஐந்து பேருக்கும் சாதாரணச் சாப்பாடு, இவர் ஒருவருக்குத்தான் சர்க்கரைக்காரர் தட்டு. அதன் மேல் சிவப்பு மூடி. உள்ளே அளந்து வைத்த ஒரு கிண்ணம் சோறு, அவித்த காய், பருப்பு, ஒரு முட்டை. அந்தத் தட்டில் என்ன இருக்கிறதோ அதற்குத் தகுந்த மாதிரி ஊசி மருந்தை அளந்து, சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போடுவார்கள். தட்டும் ஊசியும் ஒன்றுக்கொன்று ஜோடி என்று உணவு ஆலோசகர் பெண் எனக்கு நிதானமாக விளக்கினாள். தட்டை மிச்சம் வைத்தாலும் ஆபத்து, அதற்கு மேல் தின்றாலும் ஆபத்து.

முதல் நாளே அவர் சிவப்பு மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினார்.

"இதை எவன் வேகவெச்சான்?"

சாப்பாட்டு வண்டி தள்ளிவருகிறவர் நல்ல மனுஷன். "கீழ கிச்சன்லேர்ந்து வருதுங்க" என்றார்.

"காய் குழைஞ்சு போச்சு. பருப்பு வேகலை. ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சிருந்தான்னா அவனுக்குக் கண்ணு தெரியாது."

வார்டு முழுக்கச் சிரித்தது. பக்கத்துக் கட்டிலில் குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவருக்கு அது போதாதா? சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "வீட்லேர்ந்து என் கரண்டியை எடுத்துட்டு வா. இவங்க கரண்டில சோப்பு வாடை அடிக்குது" என்றார். தன் கரண்டியிலாவது ஒழுங்காகச் சாப்பிட்டுத் தொலைக்கட்டும் என்று மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குள் நான் கொண்டுபோன ஒரே பொருள் அதுதான். சாப்பாட்டு வேளைகளில் மகனுக்குச் சமைத்துப் போட நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.

சர்க்கரை இறங்கவில்லை. காலையில் குத்திப் பார்த்தால் ஏறியிருக்கும், மத்தியானம் இன்னும் ஏறியிருக்கும். ஊசியின் அளவைக் கூட்டினார்கள். ஒரு நாள் தன் தட்டைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்ததில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை உதறி, குளுக்கோஸ் கொடுத்துக் காப்பாற்றினார்கள். மறுநாள் பழையபடி ஏற்றம். புண் ஓரமெல்லாம் வெளுத்து ஈரமாகவே இருந்தது.

வார்டுக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. வந்த நாளிலேயே என் பையைத் திறக்கச் சொன்னவள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டாள்.

"என்னம்மா கொண்டுவந்து ஊட்டுறீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"நான் எதுவும் கொண்டுவரலை."

"காத்தைக் குடிச்சா சுகர் ஏறுது? தட்டுல வெக்கிறதை நான் பாக்கறேன், ஊசியை நான் போடறேன். நடுவுல நீங்கதான் இருக்கீங்க. புருஷன்மேல பாசம்னா அவர் காலைக் காப்பாத்துங்க, வயித்தை இல்லை."

பாசமாம். கட்டிலில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். இவள் எதுவும் கொண்டுவரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா? "நான் என் தட்டுக்கு மேல ஒரு பருக்கை சாப்பிடலை" என்று சிஸ்டரிடம் தன்னைப் பற்றித்தான் சத்தியம் செய்தார். என் பேச்சையே எடுக்கவில்லை.

பார்வையாளர் நேரம் தவிர நான் வார்டுக்குள் காலே வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் கண்டிப்பாகக் கூடாது. சிஸ்டர் சொன்னதுகூடப் போகட்டும். மகன் என்னை மாடிப்படியில் நிறுத்தி, "அம்மா, கொஞ்சமா ஏதாச்சும் குடுத்தியா? அவர் கேட்டா உன்னால மறுக்க முடியாது, எனக்குத் தெரியும்" என்றான், குரலைத் தாழ்த்தி, ஏதோ பைத்தியக்காரியைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. நான் சமைத்ததை அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். பெற்ற பிள்ளைக்கு அப்பன் லட்சணம் தெரியவில்லையே என்று அவனை அங்கேயே திட்டிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் உள்ளே போகாமலே சர்க்கரை ஏறட்டும், அப்போது இவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் பார்க்கலாம் என்று ஒரு வைராக்கியம். அந்தக் காலுக்கு என்ன ஆகும் என்பது அந்த நிமிஷம் எனக்கு இரண்டாம்பட்சமாகத்தான் இருந்தது.

ஏறத்தான் செய்தது. எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று டாக்டர் மகனிடம் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வண்டி வராந்தாவில் என்னைக் கடந்து போனது. வண்டியின் மேல்தட்டில், தட்டுகளோடு சேராமல், தனியாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் மூடி வைத்திருந்தன. ஆறு கட்டிலுக்கு ஆறு தட்டு, அந்தக் கிண்ணங்கள் யாருக்கு? வார்டுக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. எழுந்துபோய் அதில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தேன்.

ஊசி போட்டுவிட்டு சிஸ்டர் பக்கத்து வார்டுக்குப் போயிருந்தாள். வண்டி நேரே இவர் கட்டிலுக்குத்தான் போனது. சிவப்பு மூடியை யாரும் தொடவில்லை. வண்டிக்காரர் முதல் கிண்ணத்தை மரியாதையாக நீட்டினார். பால் விட்டுச் சர்க்கரை போட்ட கஞ்சி. இவர் தலையணைக்கு அடியிலிருந்து கரண்டியை எடுத்தார். என் கையால் நான் கொண்டுவந்து கொடுத்த கரண்டி. அடியிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று, கலக்கிவிட்டு இன்னொன்று. கண்ணை மூடினார். ஏதோ சொன்னார். வண்டிக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த கிண்ணம். அதற்கும் அடுத்தது. கிண்ணங்கள் முடிந்ததும் மற்ற கட்டில்காரர்கள் தங்கள் தட்டுகளை நீட்டினார்கள். குடல்வால்காரர் எழுந்தே வந்துவிட்டார். உருளைக்கிழங்கு, சோறு, குழம்பு, வாழைப்பழக் கூழ் என்று எல்லாத் தட்டிலும் அந்தக் கரண்டி புகுந்து புறப்பட்டது. பக்கத்து வார்டிலிருந்து ஒரு ஆள் மூடிய கிண்ணத்தோடு வரிசையில் நின்றார். எல்லாம் முடிந்த பிறகு இவர் தன்னுடைய சிவப்பு மூடியைத் திறந்து, பெருமூச்சு விட்டு, அதையும் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வண்டிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க பண்றீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட முகமே இல்லை அது. வேலை நேரத்தில் வந்து ஏன் தொந்தரவு செய்கிறாய் என்கிற அதே பழைய முகம்.

"பாத்தா தெரியலை? சாப்பிடறேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி என்ன? ருசி பாத்தேன்."

சத்தம் கேட்டுப் பெரிய சிஸ்டர் வந்தாள், அவள் பின்னால் டாக்டரும் வந்தார். நான் கரண்டியை அவர் கையிலிருந்து பிடுங்கி சிஸ்டர் கையில் வைத்தேன். "இதோ இருக்கு நான் ஊட்டினது. நல்லாப் பாத்துக்குங்க" என்றேன். வண்டிக்காரர் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னார். மாஸ்டர் சொன்னபடி செய்த பிறகு கஞ்சி கெட்டியாக வருகிறதாம், பருப்பு வேகிறதாம், தட்டுகள் மிச்சமில்லாமல் காலியாகின்றனவாம். அதனால் கீழே சமையலறைத் தலைவரே இப்போது மூன்று வேளையும் பரிமாறுவதற்கு முன்னால் கிண்ணத்தில் எடுத்து அனுப்பி வைக்கிறாராம்.

டாக்டர் முதலில் சிரித்துவிட்டார். சிஸ்டர் சிரிக்கவில்லை. "சாப்பிடலைன்னு என்கிட்ட சத்தியம் பண்ணீங்களே" என்றாள்.

"சாப்பிடலையே" என்றார் இவர். "முப்பது வருஷம் கேன்டீன்ல இருந்தேன். ஒரு பருக்கை தின்னதில்லை. ருசி பாக்கறதெல்லாம் சாப்பாட்டுல சேருமா?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். திருடினேன் என்று ஒத்துக்கொண்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டிக்காரரிடம் ஒரு காலிக் கிண்ணம் கேட்டார். ஒவ்வொரு கிண்ணத்திலும் தட்டிலும் இவர் பார்த்த ருசியை அதே கரண்டியால் அதே மாதிரி எடுத்து அதில் போடச் சொன்னார். போடப் போட அது நிறைந்தது. இரண்டாவது கிண்ணம் வந்தது. அதுவும் நிறைந்தது. டாக்டர் இரண்டையும் சிவப்பு மூடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

இவர் அந்தக் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமும் அவற்றுக்குள் கிடந்த மாதிரி பார்த்தார். "அப்போ அந்த முட்டைக்காரன்" என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

சிஸ்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்பாள் என்று நின்றிருந்தேன். "கரண்டியைக் கொண்டுவந்தது நீங்கதானே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மகன் மட்டும் சாயங்காலம் வந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். டீ ஆறிப்போயிருந்தது. அதையும் சொல்லிக் காட்டினேன்.

கிண்ணங்கள் நின்றன. சர்க்கரை இறங்கியது. ஆனால் புண் அதற்குள் எலும்பைத் தொட்டிருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். கணுக்காலுக்கு மேல் எடுத்தார்கள்.

நான் வார்டுக்குள் போகும்போதெல்லாம் மற்ற கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடல்வால்காரர் வீட்டுக்குப் போகிற அன்று நேராகவே சொன்னார்: "உங்களாலதான்க்கா கஞ்சி மறுபடியும் தண்ணியா வருது." அவர் இரண்டு காலாலும் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு வெறுப்பு எனக்கு யார் மேலும் வந்ததில்லை.

வீட்டுக்குக் கூட்டிவந்தோம். நாற்காலியைச் சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்துவிட்டு, வந்ததும் வராததுமாகச் சட்டம் போட்டேன்.

"கேட்டுக்குங்க. இனிமே அடுப்படிப் பக்கம் வரக் கூடாது. மூடியைத் திறக்கக் கூடாது. ருசி கிசின்னு ஒண்ணும் கிடையாது. தட்டுல என்ன வெக்கிறேனோ அதுதான். புரியுதா?"

"ம்."

சிஸ்டர் திருப்பிக் கொடுத்த கரண்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டேன். ஆலோசகர் பெண் சொல்லிக் கொடுத்தபடி சோற்றை அளந்தேன், காயை அவித்தேன், பருப்பை வேகவைத்து இறக்கினேன். மகன் ஊசி போட்டுவிட்டு வேலைக்குப் போனான். தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

என் வீட்டில் என் சமையலை அவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பிசைந்தார், உருட்டினார், வாயில் போட்டார், மென்றார். கண்ணை மூடவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லட்டும், வாயைத் திறந்து ஒரு குறை சொல்லட்டும், இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துத் தீர்த்துக்கொள்கிறேன் என்று எதிரிலேயே நின்றேன். கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

பிறகு நான் என் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே கை நின்றுவிட்டது. பருப்பில் உப்பு இல்லை. காயிலும் இல்லை. குறைச்சல்கூட இல்லை, ஒரு கல்கூடப் போடவில்லை நான். அவர் வந்து சொல்லட்டும் என்று என் கை பாட்டுக்கு விட்டு வைத்திருந்தது.

"ஏங்க, உப்பே இல்லையே. சொன்னா என்ன?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கால் முடிகிற இடத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"ருசி பாக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே" என்றார். "சாப்பிட்டேன்."

அதில் குத்தல் இருந்ததா என்று தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கோபம்தான் வந்தது, ஆனால் அதை யார் மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. உப்பு டப்பா எனக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நானும் அப்படியே சாப்பிட்டு முடித்தேன்.